என் சாமியும் என்ட வாப்பாவும்: ஒரு றப் காணொளியை முன்வைத்து

பழுகாமத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வீடு மருதமுனையில். காலையில் கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி தாண்டி, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய், பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவேன். சென்ற தவணையில் ஒருநாள் தரம் பத்தில் நாட்டார் பாடல் பாடம். தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல், கவி என்று கரும்பலகையில் வகைப்படுத்தி எழுதி முடித்த நேரம், பின்வாங்கிலிருந்த ஒரு பையன் எழும்பிக் கேட்டான்:

“சேர், ‘எஞ்சாயி எஞ்சாமி’யும் நாட்டார் பாட்டுத்தானே? அதில ஒப்பாரியும் இரிக்கு, பெத்தாவும் இரிக்கு.”

வகுப்பு சிரித்தது. “அது றப், தம்பி. இது பாடம்” என்றேன். பையன் பேசாமல் இருந்துவிட்டான். அன்று பின்னேரம் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் சொன்னது பதிலே இல்லை என்பது விளங்கியது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த ஒருவன் சொல்லக்கூடிய பதில் அதுவல்ல. கேள்வியிலிருந்து தப்பிக்கிறவன் சொல்லும் பதில் அது. அந்தப் பையனுக்குச் சொல்லத் தவறியதைத்தான் இங்கு எழுதுகிறேன். நம்மவர்களுக்கும் அதில் விடயம் உண்டு என்பதால் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன்.

ஆகுமா, ஆகாதா?

‘இசையே ஆகுமா ஆகாதா என்ற கதை முடியவில்லை, அதற்குள் றப்பைப் பற்றி என்ன ஆய்வு?’ என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் செவியேற்றல் பற்றித் தனியொரு பகுதியே எழுதி, எது எந்த நிபந்தனையில் ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்த்தார். இப்னு ஹஸ்ம் இளக்கமாகவும் இப்னு தைமிய்யா இறுக்கமாகவும் கருத்துச் சொன்னார்கள். அந்தக் கருத்து வேறுபாடு அறிஞர்களுக்குரியது. அதைத் தீர்த்து வைக்க ஒரு தமிழ் வாத்தியாரால் ஏலாது.

ஆனால் ஒன்று. எந்தத் தரப்பு அறிஞரும் சொல்லின் நன்மை தீமையைப் பாராமல் விட்டதில்லை. நாமோ வாத்தியத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். பாட்டு என்ன சொல்கிறது, யாரைப் பற்றிச் சொல்கிறது, யாருடைய குரலில் சொல்கிறது என்று கேட்பதில்லை. றப் என்பதோ பாட்டு வகைகளிலேயே சொல் மிகுந்த ஒன்று. இராகம் குறைவு, சொல்தான் அதிகம். நம் பிள்ளைகள் காதில் வயரைச் செருகிக்கொண்டு நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் கேட்கிறார்கள். அதைப் பெரியவர்கள் யாரும் ஒருமுறையாவது காதுகொடுத்துக் கேட்டு, ‘இதில் இன்னது நல்லது, இன்னது பிழை’ என்று சொல்லவில்லையென்றால், பிள்ளைகள் தாமாகவே ஒரு முடிவுக்கு வருவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

தங்கச்சி நடத்திய விருந்து

ஹிப்ஹொப் என்றதும் நம் மனதில் வருவது தங்கச் சங்கிலி, பெரிய கார், பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு. இது பொய்யல்ல. அப்படியான பாடல்கள் ஏராளம். ஆனால் அதன் தொடக்கத்தைத் தேடிப்போனால் ஒரு குடும்பம் நிற்கிறது. 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொதுக் கூடத்தில், ஒரு பெண்பிள்ளை பாடசாலை தொடங்குமுன் உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு விருந்து வைத்தாள். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய நானா. ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன். கூல் ஹேர்க் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த நாள்தான்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் சொல்லலாம். யாழ்ப்பாண வேருள்ள மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயரையும், 2007இல் வெளியிட்ட இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரையும் வைத்தார். அவருடைய அரசியலோடும் நடையுடையோடும் நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெற்றோர் பெயரைத் தன் வேலையின் நெற்றியில் எழுதும் வழக்கம் இந்தக் கலைக்குள் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தீனும் இதற்குள் புதிதாக வந்ததல்ல. அமெரிக்காவின் யாஸீன் பே, மொஸ் டெஃப் என்ற பெயரில் 1999இல் வெளியிட்ட தொகுப்பு பிஸ்மில்லாஹ்வோடுதான் தொடங்குகிறது. 2017 மார்ச்சில் சிரிய வம்சாவளிப் பெண்ணான மோனா ஹைதர், ‘ஹிஜாபி’ என்ற றப் பாடலைக் காணொளியாக வெளியிட்டார். பல நிறத்து, பல நாட்டுப் பெண்கள் தத்தம் முறைப்படி தலையை மறைத்துக்கொண்டு அதில் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் மோனா அப்போது நிறைமாதத்தை அண்மித்த கர்ப்பிணி. பெண்ணின் உடலைக் கடைச்சரக்காக்கிப் பழகிய ஒரு கலையில், வயிற்றில் பிள்ளையோடு ஒரு தாய் தலைமறைத்து நின்று பேசியது சிறிய காரியமல்ல.

ஆனாலும் அந்தக் காணொளியை நாலைந்து தரம் பார்த்த பிறகு எனக்கொரு குறை பட்டது. அது முழுக்க வெளியாருக்குப் பதில் சொல்கிற பாட்டு. ‘முக்காட்டுக்குள் முடி எப்படி இருக்கும், வியர்க்காதா?’ என்று கேட்பவர்களைப் பார்த்து அது பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால் நம் ஈமானைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் அடுத்தவன் கேட்ட கேள்விக்கான பதிலாகவே அமைந்துவிட்டால், வீட்டுக்குள் நாம் ஒருவரோடொருவர் பேச என்ன மிஞ்சும்? உம்மா மகளோடு பேசும் பேச்சு எங்கே? அந்தப் பேச்சை நான் எதிர்பாராத இடத்தில், முஸ்லிம் அல்லாத ஒருவருடைய பாட்டில்தான் கேட்டேன்.

கூப்பிடும் பாட்டு

‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச் 7ஆம் திகதி வெளிவந்தது. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு, அமித் கிருஷ்ணன் இயக்கம். ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய மாஜ்ஜா என்ற தளத்தின் முதல் வெளியீடு. கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். அறிவு அரக்கோணத்துக்காரர். பா. ரஞ்சித் உருவாக்கிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இந்த இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர். அந்தப் பாட்டியிடமிருந்து வந்ததுதான் இந்தப் பாட்டு என்பது அறிவே சொன்ன விடயம். காணொளியிலும் அந்த முதியவர் தோன்றுகிறார்.

பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’. பேரனைப் பாட்டி கூப்பிடும் சொல். முதலில் கேட்டபோது எனக்கும் சற்று இடறியது. சாமி என்றால் தெய்வம். மனிதனைத் தெய்வமென்று அழைப்பதை நம் தவ்ஹீத் ஏற்காது. ஆனால் தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்தச் சொல் போய்வந்த பாதையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். நிலமில்லாத ஏழை, நிலமுள்ளவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. கைகட்டி, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கீழே நின்று மேலே பார்த்துச் சொன்ன சொல் அது. அதே சொல்லை ஒரு கூலிக்காரப் பாட்டி கீழே குனிந்து, தன் மடியில் கிடக்கும் பேரனுக்குச் சொல்கிறாள். ஆண்டைக்குக் கொடுத்த மரியாதையைத் திருப்பி எடுத்துத் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். இதில் வழிபாடு இல்லை. பறிபோன மானத்தை மீட்பதுதான் இருக்கிறது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் மூத்தம்மாமார் பேரனை எப்படிக் கூப்பிடுவார்கள்? “வா வாப்பா, தின்னு வாப்பா, எங்க வாப்பா போன நீ?” நாலு வயதுப் பொடியன் வாப்பா! நாம் கேட்டுப் பழகியதால் இதில் உள்ள அதிசயம் நமக்குப் படுவதில்லை. கிழக்கிலங்கையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி தாய்வழி வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அப்படியான வீட்டில் மூத்தம்மாதான் நடுத்தூண். அவள் தன் மகள் வயிற்றுப் பேரனைப் பார்த்து ‘வாப்பா’ என்கிறாள். சாமி என்று சொல்ல முடியாத மார்க்கத்தில் நின்று, அதே கனத்தை ஏற்றிச் சொல்லக்கூடிய இன்னொரு சொல்லை அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

மோனா ஹைதரின் பாட்டு பதில் சொல்கிறது என்றால், அறிவின் பாட்டு கூப்பிடுகிறது. குடும்ப விழுமியம் என்று நாம் மேடையில் பேசுவது, ‘பெற்றோரை மதியுங்கள்’ என்ற கட்டளையாக வந்து நிற்கும். இந்தப் பாட்டில் கட்டளை கிடையாது. கூப்பிட்ட குரலைத் திரும்பச் சொல்லிக் காட்டுவது மட்டுமே இருக்கிறது. கேட்பவன் தன்னைக் கூப்பிட்டவளை நினைத்துவிடுகிறான். பழுகாமத்துப் பையனுக்கு அவன் பெத்தா ஞாபகம் வந்தது இதனால்தான்.

மரம் நட்டவர்கள்

பாட்டின் நடுப்பகுதியில் ஒரு முதியவரின் குரல் வருகிறது. மரம் வளர்த்தவர், தோட்டம் போட்டவர், தோட்டம் செழித்தும் தன் தாகம் தீராதவர். அடிகளை இங்கு எடுத்தெழுதத் தேவையில்லை. எல்லாருக்கும் மனப்பாடம். ஒப்பாரியின் இராகம் அதில் தெளிவாகவே கேட்கிறது.

இதன் பின்னாலுள்ள வரலாற்றை இலங்கையர் நாம் மறக்கக்கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. தேயிலை வளர்த்த குடும்பங்கள் பெட்டியும் சட்டியுமாகத் தலைமன்னாரில் கப்பலேறின. தோட்டம் செழித்தது, வளர்த்தவர் தொண்டை நனையவில்லை என்பது வெறும் கற்பனையல்ல.

வாவியின் இரு கரையிலும் இந்த அடியைத் தன் கதையாகக் கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1990க்குப் பிறகு போய்ப் பார்க்க முடியாமற்போன வயல்களைப் பற்றி நம்மவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். தாங்கள் விட்டுவந்த ஊர்களைப் பற்றிப் பழுகாமத்தில் என் பிள்ளைகளின் வீடுகளிலும் பேசுவார்கள். நான் இரண்டு பேச்சையும் கேட்கிறவன். இரண்டிலும் ஒரு மாமரமாவது வரும், ஒரு கிணறாவது வரும். என் வாப்பா அந்தக் காலத்தில் சைக்கிளில் மருதமுனைச் சாரன் கட்டி ஏற்றிக்கொண்டு படுவான்கரை ஊர்களுக்குப் போய் விற்றவர். கடனுக்குக் கொடுத்துவிட்டு அறுவடைக்குப் பிறகு நெல்லாக வாங்கி வருவார். தொண்ணூறாம் ஆண்டோடு அந்தப் பாதை மூடிப்போயிற்று. கொப்பியில் எழுதியிருந்த கடன் அப்படியே கிடந்தது. யாரும் ஏமாற்றியதல்ல, யாராலும் வந்துபோக முடியவில்லை.

முஸ்லிம் வாசகனுக்கு இந்தப் பாட்டில் நெருக்கமான இன்னோரிடமும் உண்டு. இந்த நிலம் மனிதனுக்கு மட்டும் உரியதல்ல, நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் சொந்தம் என்று பாட்டு சொல்கிறது. ஒருவர் நடும் மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால், அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்ற நபிமொழி நாம் அறிந்ததே. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது. அறிவு அதை அறிந்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. மண்ணில் கைவைத்து உழைத்த மனிதர் எந்த மதத்தவராயினும், நிலத்தின் மீது உயிர்கள் அனைத்துக்கும் உரிமையுண்டு என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நமக்கு அது வஹியின் வழியாகவும் உறுதிப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓரிடத்தில் மட்டும் நாம் வேறுபட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பாட்டு முன்னோரைக் கொடையாளராக, தருகிறவர்களாகப் பார்க்கிறது. தருகிறவன் ரஸ்ஸாக்காகிய அல்லாஹ். முன்னோர் அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். மூதாதையர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பின்பற்றுவதைக் குர்ஆன் கண்டிக்கிறது. அதே குர்ஆன், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சிறு சொல்லும் வரக்கூடாது என்கிறது. முன்னோரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது வேறு, அவர்களுக்கு நன்றியோடிருப்பது வேறு. பாட்டு இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கேட்கும் நாம் பிரித்துக்கொள்ளலாம்.

காணொளியின் குறை

காட்சியமைப்பில் எனக்கு முழுத் திருப்தியில்லை. மண்ணும் மரமும், கறுத்த மேனியும் சுருங்கிய தோலுமாக முதியவர்கள் நிறைந்து நிற்பதும் நல்லதுதான். தமிழ்ப் பாட்டுக் காணொளிகளில் இப்படியான முகங்களைக் காண்பது அரிது. ஆனால் ஆடையலங்காரமும் ஒளியமைப்பும் சேர்ந்து, கண்ணுக்கு அழகான ஒரு கற்பனை நாட்டையும் உண்டாக்கிவிடுகின்றன. தேயிலைத் தோட்டம், லயக் காம்பரா, நாடுகடத்தல் எதையும் அறியாத ஒருவர் காணொளி முழுவதையும் பார்த்து, ஆடி, ரசித்துவிட்டுப் போய்விடலாம். அப்படித்தான் உலகம் பார்த்தது. கல்யாண வீட்டிலும் கடற்கரையிலும் கும்மாளப் பாட்டாக ஒலித்தது. ஒப்பாரியை ஆட்டப் பாட்டாக்கியது துணிச்சலா, இழப்பா என்று என்னால் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல முடியவில்லை. அழுகையைக் கேட்க உலகத்துக்கு நேரமில்லாதபோது அதைத் தாளத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது என்று பையன் பக்கம் நின்று சொல்லலாம். போய்ச் சேர்ந்தது தாளம் மட்டும்தானே என்று நான் கேட்பேன்.

பெயர் என்னும் அமானிதம்

பாட்டைவிடப் பெரிய பாடம், பாட்டு வெளிவந்த பிறகு நடந்தது. 2021 ஓகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடாப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றார்கள். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டைத் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் மேடையேற்றினார்கள். அப்போதும் அறிவு இல்லை. தான் எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு இது என்று அறிவு பகிரங்கமாக எழுதினார். இது மூவரின் கூட்டுழைப்பு என்று சந்தோஷ் நாராயணனும், யாரையும் தான் மறைக்கவில்லை என்று தீயும் பதில் எழுதினார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தமக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்று காணொளியில் சொன்னார்.

யார் பக்கம் நியாயம் எவ்வளவு என்று அளப்பது என் வேலையல்ல. வேறொன்றைத்தான் கேட்கிறேன். உழைத்தவருக்குப் பலன் சேரவில்லை என்று பாடிய பாட்டே, யாருடைய உழைப்பு என்ற வழக்கில் சிக்கியது எதனால்? மூத்தோரிடமிருந்து வந்த ஒன்று நம் கையில் இருக்கும்போது அது சொத்து அல்ல, அமானிதம். அமானிதத்துக்கு முதல் கடமை, கொடுத்தவர் பெயரை மறைக்காமலிருப்பது. நபிமொழி அறிவிப்பில் நம் அறிஞர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் ஒரு வாக்கியத்தையும் ஏற்கவில்லை. அந்தச் சமூகத்துக்கு, பெயர் அறுந்துபோவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இந்த வழக்கை வெளியார் சண்டையாக நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தறிப்பக்கத்தில் கேட்ட கவி

என் மூத்தம்மா இராட்டையில் நூல் சுற்றுவாள். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு ஏற்றாற்போல் கவி படிப்பாள். மச்சானை நினைத்தும், கடலுக்குப் போனவனை நினைத்தும், பிள்ளை இல்லாதவளின் வேதனையைச் சொல்லியும் படிப்பாள். சில கவியில் அல்லாஹ்விடம் முறையிடுவாள், நபிமார் பெயர் சொல்லி ஆறுதல் தேடுவாள். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லாம் அவள் உம்மாவிடம் கேட்டது.

நான் வந்தாறுமூலை வளாகத்தில் தமிழ் படித்த காலம். வித்துவான் வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) வாசித்து, மட்டக்களப்புக் கவியின் அமைப்பைப் பற்றிச் சோதனைக்கு விடை எழுதியவன். நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் ஊர் ஊராகத் திரிந்து நம் மக்களின் பாடல்களைச் சேகரித்ததை வியந்து பேசியவன். அதே காலத்தில் ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, மூத்தம்மா கவி படிப்பதைக் கேட்டு, “இதெல்லாம் கூடாது மூத்தம்மா. இந்த நேரத்துக்கு ஒரு ஸலவாத்து ஓதினா நன்ம கிடைக்கும்” என்றேன். கண்டிப்பாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். “சரி வாப்பா” என்றாள். அதன் பிறகு அவள் படித்து நான் கேட்கவில்லை. 2006இல் மௌத்தானாள். அவள் கவியில் ஒன்றைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. வளாகத்தில் எழுதிய விடைத்தாளில் இருந்ததெல்லாம் வேறு யாருடையவோ மூத்தம்மாக்களின் கவி.

ஸலவாத்து நன்மையானது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஸலவாத்தும் கவியும் அவள் வாயில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருக்கவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அதைப் பிரித்தவன் நான். சொல்லின் நன்மை தீமையைப் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினேனே, அன்று நான் அவள் சொல்லைக் கேட்கவேயில்லை. பாட்டு என்று மட்டும் பார்த்தேன். “அது றப், தம்பி. இது பாடம்” என்று பழுகாமத்துப் பையனிடம் சொன்னதும் அதே பிழைதான். இருபது வருடத்துக்குப் பிறகு அதையே திரும்பச் செய்திருக்கிறேன்.

அறிவு தன் பாட்டியிடம் கேட்டதை மேடையேற்றினார். அதில் குறைகள் உண்டு, வழக்கும் வந்தது. என்றாலும் வள்ளியம்மாள் என்ற பெயர் இன்று உலகத்துக்குத் தெரியும். நம் ஊர்களில் கவி படித்த உம்மாக்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தொகுப்புகளில் பாட்டு இருக்கும், படித்தவளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இந்த வாவியின் மேற்குக்கரை மண்டூரில் பெரியதம்பிப்பிள்ளை, கிழக்கே மருதமுனையில் ஷரிபுத்தீன் என்று இரண்டு ‘புலவர்மணி’கள் இருந்தார்கள். ஒரே பட்டம், இரண்டு மதம், ஒரே தமிழ். அவர்கள் பெயர் நிலைத்தது. அவர்களுக்குத் தாலாட்டுப் பாடியவர்களின் பெயரை நாம் கேட்டுவைக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, “நீ கேட்டது சரியான கேள்வி” என்றேன். நாட்டார் பாட்டுக்கு எழுதியவர் பெயர் தெரியாது, இதற்குத் தெரியும், ஆகவே இது நாட்டார் பாட்டு அல்ல. ஆனால் நாட்டார் பாட்டிலிருந்து பிறந்தது என்று விளக்கினேன். பிறகு எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் மூத்தவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு என்ன, அவர்களின் முழுப்பெயர் என்ன, எழுதிவாருங்கள். முப்பத்திரண்டு கொப்பி வந்தது. ‘என்ட தங்கம்’, ‘மகராசா’, ‘சின்னாச்சி’ என்று கூப்பிடும் சொற்கள். ஐந்து தாலாட்டு, இரண்டு ஒப்பாரி. பெத்தாவின் முழுப்பெயர் தெரியாமல் வீட்டில் கேட்டு எழுதியவர்கள் பாதிக்கு மேல். அந்தப் பையன் தாளத்தோடு வாசிக்கும்படி ஒரு பாட்டே எழுதியிருந்தான். எதுகை இரண்டிடத்தில் பிழை. திருத்திக் கொடுத்தேன்.

அன்றிரவு உம்மாவிடம் கேட்டேன், மூத்தம்மாவின் கவி ஏதும் ஞாபகம் இருக்கிறதா என்று. “இப்ப என்னத்துக்கு அது?” என்றா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்று படித்தா. இரண்டாவதில் பாதியோடு நின்றுவிட்டது, மிச்சம் வரவில்லை. வந்த அளவை எழுதி, கீழே மூத்தம்மாவின் பெயரையும் அவள் உம்மாவின் பெயரையும் எழுதினேன். அதற்கு மேலே உள்ள பெயர் உம்மாவுக்குத் தெரியவில்லை. ஊரில் வயதான மாமி ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போய்க் கேட்க வேண்டும்.